மூன்றாம் நாள் எழுதும் பெயர்

சாரக்காரருக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. பன்னிரண்டாவது மாடியில் ஒரு சாண் பலகையில் நின்றுகொண்டு, கீழே இருப்பவனிடம் ஊர்வம்பு பேசுவார். ஆனால் காகிதம் என்றால் மனிதருக்குக் குலை நடுங்கும். முத்திரை குத்திய கடிதம் ஒன்று வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. மனைவி படித்துச் சொன்ன பிறகுதான் மூச்சே வரும்.

கம்பி சுமக்கும் ஆளாக வந்து, சாரம் கட்டக் கற்று, இருபத்தாறு வருடத்தில் ஒன்பது பேரை வைத்து வேலை வாங்கும் துணை ஒப்பந்தக்காரர் ஆனவர் அவர். பெரிய கம்பெனி கட்டடம் கட்டும். ஆட்கள் ஏறி நின்று வேலை செய்ய இவர் அதற்குச் சாரம் கட்டித் தருவார். தினமும் காலையில் தன் ஆட்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி அதைக் காப்பீட்டுக்காரர்களுக்கு அனுப்பும். பெயர் இருந்தால், அடிபட்டவனுக்கு மறுபேச்சில்லாமல் காப்பீடு. இல்லாவிட்டால் திண்டாட்டம்தான்.

சாரம் கட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது ஆள் முதல் நாள் புலியாகப் பாய்வான், இரண்டாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொள்வான், மூன்றாம் நாள் ஆளையே காணோம். அதனால் மூன்றாம் நாளும் வந்து நின்றால்தான் பெயர் எழுதுவார்கள். நம்மவர் இதில் ஒரு படி மேல். எழுதிய பெயரை அடிப்பது என்றாலே அவருக்கு ஆகாது. ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லாத நோட்டு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டுவார். பெருமைக்கு மட்டும் குறைச்சலே இல்லை!

மனைவியின் தம்பி வந்தபோதும் அதே கதைதான், பெயர் எழுதவில்லை. நாற்பது வயது. வைத்திருந்த சின்னக் கடையை மூடிவிட்டு, “எதுவானாலும் செய்றேன் மாமா” என்று வந்து நின்றான். இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு, மூன்றாவது மாடியில் அவன் காலடிப் பலகை நழுவியது. ஜல்லிக் குவியலில் வந்து விழுந்தான். இடுப்பெலும்பும் வலது தொடையும் முறிந்துவிட்டன.

ஆம்புலன்ஸில் ஏறும்போதே சாரக்காரருக்கு நோட்டு ஞாபகம் வந்துவிட்டது. மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு நோட்டை நினைக்கிறோமே, நாமெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை. போலீஸ், கோர்ட், ஜெயில் என்று அது தன் பாட்டுக்கு ஓடியது.

மறுநாள் காலை கம்பெனி மேலாளர் மருத்துவமனைக்கு வந்தார். மச்சானை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, சாரக்காரரின் தோளில் கை போட்டார். இத்தனை வருடத்தில் போடாத கை.

“லிஸ்ட்ல பேரே இல்லையேய்யா. எழுதாம ஏத்தினது உன் தப்பு, மொத்தமும் உன் தலையிலதான் விடியும். ஒண்ணு பண்ணு. உனக்குச் சாப்பாடு கொண்டு வந்தான், வேடிக்கை பாக்க மேல ஏறினான், விழுந்துட்டான். வேலைக்கு வரவே இல்ல. யாருக்கும் வம்பில்ல. உன் மச்சான்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“அப்போ அவனுக்குக் காப்பீடு?”

“வேலைக்கே வராதவனுக்கு ஏதுய்யா காப்பீடு? நாம ஏதாவது பாத்துச் செய்யலாம்.”

அவர்கள் பார்த்துச் செய்யும் லட்சணம் சாரக்காரருக்குத் தெரியாததா? இருந்தும் தலை தானாகச் சரியென்று ஆடியது.

மேலாளர் போனதும் மனைவி வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. “மூணு ஆபரேஷனாம்ங்க. இனிமே கனமான வேலை எதுவும் செய்ய முடியாதாம். இன்சூரன்ஸ் வந்துடும்ல?”

“ம்” என்றார். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. விசாரணைக்கு ஆள் வருவதற்குள் இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய் வந்தார்.

காப்பீட்டு அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. முதலில் மச்சானிடம் தனியாகப் பேசினார். பிறகு இவரை உள்ளே அழைத்து ஒரு தாளை நீட்டினார்.

“அவரே சொல்லிட்டார். உங்களுக்குச் சாப்பாடு குடுக்க வந்தாராம். ஆமான்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது.”

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. அப்பாடா, தப்பித்தோம்! கட்டிலில் மச்சான், போடுங்க மாமா என்று கண்ணால் ஜாடை காட்டினான். பாவம், விவரம் தெரியாமல் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. பேனாவை வாங்கியவர் பேசாமல் போட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

“இப்படிச் சொன்னா அவனுக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு அவனுக்குத் தெரியுமாம்மா?”

“ரெண்டு தடவை சொன்னேன். தெரியும்னார்.”

சாரக்காரர் மச்சானைப் பார்த்தார். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடப்பாவி, தெரிந்தேவா?

“பொய்ம்மா” என்றார். “நான்தான் வேலைக்குக் கூப்பிட்டேன். நான்தான் மேல ஏத்தினேன். பேரை எழுதாததும் நான்தான்.”

“மாமா, வாயை மூடுங்க!” எழப் பார்த்த மச்சான் வலியில் கத்திவிட்டான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “வேலைக்கு வந்தவர்னு ஆனா அவருக்குச் சேர வேண்டியது சேரும். ஆனா கம்பெனி எல்லாத்தையும் உங்க மேல திருப்பும். கேஸ் வரும். புரிஞ்சுதான் பேசுறீங்களா?”

சாரக்காரர் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“புரியுதும்மா. ரொம்பப் பயமா இருக்கு. மனசு மாறுறதுக்குள்ள எழுதிக்கோங்க.”