சிரிக்கிற போஸ்டரை நம்பி

திண்டிவனத்தில் நான் போகும் நூலகத்தில், வாரம் ஒரு தலைப்பில் சினிமாக்களைச் சிபாரிசு செய்து பலகையில் எழுதுவார்கள். இதய ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய என் மாமனாருக்கு, 'மனசு லேசாகும் படங்கள்' என்ற தலைப்பில் இருந்த ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பாதிப் படத்தில் கதாநாயகனின் அப்பா ஆபரேஷன் மேஜையிலேயே செத்துப்போனார். மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

ஆபரேஷன் செய்த விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கே காரில் பறந்தோம். "பயந்திருக்காரு, வேற ஒண்ணுமில்ல" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் நூலகரிடம், "அந்தப் படத்த நீங்க பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"நேரம் ஏதும்மா? போஸ்டர்ல எல்லாரும் சிரிச்சிக்கினு இருந்தாங்க, எழுதிட்டேன்" என்றார், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே. புத்தகங்களையும் அட்டையை மட்டும் பார்த்தே படித்து முடிக்கிற மேதை போலிருக்கிறது.

இப்போது யார் படம் சொன்னாலும், "முடிவு என்ன?" என்று கேட்கிறேன். முழித்தால், அந்தப் படம் எங்கள் வீட்டில் ஓடாது.