மேலண்ணத்து முத்துகள்

தொண்ணூறுகளின் நடுவில், என் மகள் பிறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. பெரியநாயக்கன்பாளையத்தில் அம்மா வீட்டுப் பின்வாசலில், குழந்தையைக் குளிப்பாட்ட வரும் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் குழந்தையைப் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் சளி எடுக்கிறேன் என்று வாய்க்குள் விரலை விட்டவர், சட்டென்று வெளியே எடுத்தார்.

"ஏனுங்கம்மா, சித்த வந்து பாருங்க. கொழந்தைக்கு மேல பல்லு இருக்குதுங்க."

சாம்பிராணி போட வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"பல்லா?"

"ஆமாங்க. வெள்ளையா, கெட்டியா கைக்குத் தட்டுப்படுது."

பிறக்கும்போதே பல், அதுவும் மேல் பல் என்றால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். தாய்மாமன் என்றால் என் அண்ணன். ஒரே அண்ணன். பெருந்துறையில் ஒரு தொழிற்சாலையில் லேத் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். லீவு கிடைக்காமல், வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலாகக் குழந்தையைப் பார்க்க வருவதாக இருந்தான்.

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். பிள்ளை பெற்ற உடம்பு வேறு. "பல்லும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, குடுங்க இங்க" என்று குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்து, அவள் வாய் திறந்து அழுதபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலண்ணத்தின் நடுக்கோட்டில் கடுகைவிடச் சின்னதாக, வெள்ளையாக, வரிசையாகச் சில மணிகள். மேல் ஈறில் ஒன்று கொஞ்சம் பெரிது. பல் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. என்ன என்பது தெரியவில்லை. பயந்துவிட்டேன்.

பயந்ததற்குக் காரணம் என் வேலை. கோவையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இருந்தேன். ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பேன். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்வது எங்கள் டாக்டர் மேடம். நான் சேர்ந்த புதிதில், புகையிலை அடக்கி அடக்கிக் கன்னத்தில் புண் வந்த ஒருவருடைய தகட்டை வைத்துக்கொண்டு, "இங்க வாம்மா, முத்துப் பாரு" என்று கூப்பிட்டார்.

குனிந்து பார்த்தேன். அடேயப்பா! ஊதா நிறக் கூட்டத்துக்கு நடுவே ரோஜா நிறத்தில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு உருண்டை. அப்படி ஒரு அழகை அதுவரை நான் பார்த்ததில்லை.

"என்னங்க மேடம் இது?"

"கேன்சர்" என்றார். "தோல் செல்லுக்கு, மேல வந்து காஞ்சு உதிர்றதுதான் வேலை. இதுக்கு உதிர எடம் இல்ல. தன்னையே சுத்திச் சுத்தி உருண்டுருச்சு. முத்து இருந்தாக் கொஞ்சம் பரவால்லன்னு வெச்சுக்க. தான் யாருங்கறது அதுக்கு இன்னும் முழுசா மறக்கல."

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயமா பிரமிப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. காதுக்குள்ளும் இப்படி ஒரு வெள்ளை முத்து வளர்ந்து பக்கத்து எலும்பையே அரித்துவிடும் என்று பிறகு அவரே சொன்னார். சிப்பிக்குள் இருப்பதுதான் முத்து என்று நினைத்திருந்தவள் நான். மனிதர் உடம்பும் முத்து விளைவிக்கும் என்பதை அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை அம்மாவையும் இழுத்துக்கொண்டு, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை டாக்டர் ஒரு பார்வைதான் பார்த்தார். "முத்துங்க" என்று சிரித்தார். என் முகம் போன போக்கைப் பார்த்து என்ன வேலை செய்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"நீங்க பாக்கற அதே சரக்குதான். ஆனா இது ஒண்ணும் பண்ணாதுங்க, பயப்படாதீங்க. வயித்துக்குள்ள மேலண்ணம் ஒரே துண்டா உருவாகறதில்ல. எடது பாதி, வலது பாதின்னு ரெண்டா வந்து நடுவுல சேரும். சேர்ற எடத்துல மாட்டிக்கிட்ட தோல்தான் இப்படி உருண்டு நிக்குது. தொடாதீங்க, தேய்க்காதீங்க. தானா உதிர்ந்துரும்."

இன்னொன்றும் சொன்னார். ஆரம்பத்தில் இரண்டு பாதிக்கும் நடுவில் நாக்கு நின்றுகொண்டிருக்குமாம். அது கீழே இறங்கி வழிவிட்டால்தான் இரண்டும் சேர முடியுமாம். எந்த மாதம் என்று கேட்டேன். மூன்றாம் மாத வாக்கில் என்றார். மூன்றாம் மாதம் நான் வாந்தி எடுத்துக்கொண்டே டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். கண்டக்டரோடு சில்லறைச் சண்டை போட்டேன். அந்த நேரத்தில் எனக்குள்ளே இத்துனூண்டு நாக்கு ஒன்று இறங்கி, மரியாதையாக வழிவிட்டிருக்கிறது. யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வீடு வந்ததும் அம்மா அலமாரியில் ஒரு வெள்ளைத் துணியையும் உப்பையும் எடுத்து வைத்தாள்.

"நாளைக்கு அக்கா இத வெச்சுத் தேச்சு எடுத்துப்போடுவா. ஞாயித்துக்கெழமைக்குள்ள வாய் சுத்தமாயிரும்."

"டாக்டர் சொன்னது காதுல உழுகலீங்களாம்மா? புண்ணாயிருச்சுன்னா கொழந்த எப்படிப் பால் குடிக்கும்? எவளாச்சும் கைய வெச்சா, அந்த வெரலக் கடிச்சுப்போடுவேன்."

"உன்ற டாக்டருக்கு என்ன தெரியும்? கூடப் பொறந்தவனப் பறிகுடுத்தவளுக்குத்தான் தெரியும். நீ மாலை சுத்திப் பொறந்தவ."

தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியபடி பிறப்பதை மாலை சுற்றிப் பிறப்பது என்பார்கள். அதுவும் மாமனுக்கு ஆகாது. அப்படிப் பிறந்தால் மாமன் முதலில் எண்ணெயில்தான் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் அப்படிப் பிறந்தவள் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என்ற அண்ணன் சந்தோசம் தாங்காம ஓடியாந்து உன்னத் தூக்கிட்டான். எண்ணெய் ஊத்தி வெக்கக்கூட உடல. மாசம் திரும்பல, பெரியம்மை போட்டிருச்சு. ஒடம்பு பூரா முத்து. கண்ணுக்குள்ளகூட முத்து. மாரியாத்தா எறங்கவே இல்ல."

மாமா அம்மையில் போனார் என்பது தெரியும். நான் பிறந்ததால் போனார் என்று அம்மா இத்தனை வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தது தெரியாது. எனக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, கட்டிக்கொடுத்து, பிரசவமும் பார்த்த மனுஷி இவள்.

அம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு ஆளை அனுப்பி, இந்த வாரம் வராதே என்று அண்ணனுக்குச் சொல்லச் சொன்னாள். "அத எடுக்காம அவன் கண்ணுல கொழந்தையக் காட்ட மாட்டேன்" என்றாள். உப்பும் துணியும் அலமாரியிலேயே இருந்தன. நான் குழந்தையை மடியை விட்டு இறக்கவில்லை. அந்த அக்கா வந்தபோதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் நேரத்துக்கு அண்ணன் வாசலில் வந்து நின்றான், வேர்த்து விறுவிறுத்து.

"வராதேன்னு தகவல் வந்துச்சு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுங்மா. கொழந்தைக்கு என்னமோ ஏதோன்னு கெடச்ச பஸ்ஸப் புடிச்சு வாரேன்."

"அங்கயே நில்லு சாமி!" அம்மா இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தாள். டாக்டர் பேச்சை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததை எல்லாம் அங்கேயே நின்று சொன்னாள். அலமாரித் துணியைக் கையிலேயே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் சண்டைக்காரன் இல்லை, அந்தக் குணமெல்லாம் எனக்கு வந்துவிட்டது. "அதுக்கென்னங்மா, அந்தப் பச்ச மண்ணு வாயத் தேய்க்க வேண்டாம். எண்ணெய வெய்யுங்க, அதுலயே பாத்துக்கறேன்" என்று அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

அம்மா வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். யாரையும் நம்பாமல், என்னிடமிருந்து குழந்தையை வாங்கித் தானே அவன் தோளுக்குப் பின்னாலிருந்து நீட்டிப் பிடித்தாள். முகத்தில் வெயில் பட்டதும் என் மகள் வீல் என்று அலறினாள். எண்ணெயில் அவ்வளவு தெரியுமா என்று இப்போது கேட்டால் எனக்கே சந்தேகம்தான். அன்று தெரிந்தது. கறுத்த எண்ணெய்க்குள் சிவந்த வாய், அதன் மேல்கூரையில் வெள்ளை மணிகள்.

"பல்லு இல்லீங்மா" என்றான் அண்ணன், மெதுவாக. "ரெண்டு தகடு சேத்து வெல்டிங் வெச்ச எடத்துல பொட்டுப் பொட்டா நிக்குமில்ல, அப்படி இருக்குது. நீங்களும் பாருங்க."

டாக்டர் சொன்னது எதுவும் அவனுக்குத் தெரியாது.

அதுவரை பயத்தில் குழந்தையின் வாய்க்குள் எட்டியே பார்க்காத அம்மா, அவன் தோளுக்கு மேல் குனிந்து எண்ணெயைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத்துனூண்டு" என்றாள். "இது எல்லாக் கொழந்தைக்கும் இருக்குமா?"

"நெறையப் பேருக்கு இருக்கும்ங்மா" என்றேன் நான். " யாரும் பாக்கறதில்ல, அதான் தெரியறதில்ல."

"உனக்கும் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்ங்மா."

"நான் பாக்கலயே." எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அழுதுட்டே கெடந்தேன். பால் குடுக்கறப்பக்கூட மூஞ்சிய அக்கட்டால திருப்பிக்குவேன். நீ தவழ்ற வரைக்கும் உன்ற மூஞ்சிய நான் சரியாப் பாத்ததே இல்ல கண்ணு."

அம்மா, யாரிடம் கொடுக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல், குழந்தையை அண்ணன் மடியில் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, நேருக்கு நேர் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. துணியைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் வந்து, என் மோவாயைப் பிடித்தாள்.

"வாயத் தொற."

"என்னங்மா இது, இந்த வயசுல அங்க என்ன இருக்கப்போகுது?"

"தொற கண்ணு."

திறந்தேன். வெயில் உள்ளே விழும்படி என் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அம்மா வெகுநேரம் பார்த்தாள்.