சைகோன் மதாமின் அலமாரி

போன ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் ஒரு பூவன் சீப்பைக் கையில் எடுத்தேன். பழங்களுக்கு நடுவிலிருந்து பொடியாக ஒரு பல்லி வெளிப்பட்டு, என் மணிக்கட்டில் ஏறி, முழங்கை வரை ஓடி, குதித்துப் போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"இன்னாம்மா நீ, பல்லிக்குப் போயி... இந்த வயசுல!" என்று பழக்காரம்மா சிரித்தார்.

பல்லியிடம் எனக்கு என்ன பயம்? பயம் வேறு. பத்து வருஷத்துப் பழசு.

எழுபதுகளின் நடுப்பகுதி. நெல்லித்தோப்பில் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு போர்ஷன்கள். ஒன்றில் நாங்கள் — மில்லில் பகல் ஷிஃப்ட் பார்க்கும் என் கணவர், நான், ஒன்றரை வயது அமுதா. இன்னொன்றில் சைகோனிலிருந்து திரும்பி வந்த ஒரு விதவை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். தெருவுக்கே அவர் 'மதாம்'. தமிழ் முகம், தயங்கித் தயங்கி வரும் தமிழ். கப்பலில் அவரோடு வந்து சேர்ந்தது ஒரு கறுப்பு மர அலமாரி மட்டும்தான்.

அவர் வந்த மூன்றாம் மாதம் எங்கள் சமையலறையில் புதிதாக ஒரு பல்லியைப் பார்த்தேன். டியூப் லைட்டை ஒட்டிக்கொண்டு கிடக்குமே, நம் பல்லி — அது இல்லை. இது சுண்டுவிரலை விடக் கொஞ்சம் நீளம். முதுகில் ஜோடி ஜோடியாகக் கறுப்புப் புள்ளிகள். பூச்சியோடு நிற்காமல் சர்க்கரை டப்பா மூடியையும் நக்கியது! எங்கள் சாமான் தட்டின் அடியில் இரண்டிரண்டாக வெள்ளை முட்டைகள், சுண்ணாம்பு வைத்து ஒட்டியதுபோல. பெயர்த்தால் உடையுமே தவிர வராது. ஒன்று நாலாயிற்று. நாலு... அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எதிர்வீட்டு மங்கா அக்கா தீர்ப்பே சொல்லிவிட்டார். "அந்தம்மா அலமாரியிலேர்ந்து வந்ததுடி. வெளியூருப் பல்லி. நக்குனாலே ரத்தம் கெட்டுடும்."

அவருக்கு எப்படித் தெரியும்? யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஒருநாள் காலை. தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறேன்... அமுதா தரையில் உட்கார்ந்திருக்கிறாள். உதட்டுக்கு நடுவில் ஏதோ துடிக்கிறது. ஒரு வால். வால் மட்டும்!

பிடுங்கி எறிந்தேன். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. அப்படியென்றால் மிச்சம் எங்கே?

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். வாசலில் மதாம் நின்றிருந்தார்.

"உங்க அலமாரிதான்! உங்க அலமாரிதான் எம்புள்ளயக் கொன்னுடுச்சு!"

தெருவே கேட்டது. அவர் மறுத்துப் பேசவில்லை. "வால் மட்டுமா பார்த்தீங்க? முழுசா பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் ரிக்‌ஷாவில் ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். "பல்லிக்கு விஷம் கெடையாதும்மா. வாந்தி வருதான்னு பாக்கலாம். சாயங்காலம் வரைக்கும் இருங்க."

"இது நம்மூருப் பல்லி இல்ல டாக்டர். சைகோன் பல்லி."

அவர் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரே விநாடிதான். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

குழந்தை தூங்கிவிட்டாள். தூக்கமா, மயக்கமா? எப்படிக் கண்டுபிடிப்பது? தொடையில் கிள்ளினேன். அழுதாள். அப்பாடா! கால் மணி நேரத்தில் மறுபடி கண்ணைச் சொருகினாள். மறுபடி கிள்ளினேன். நாலாவது தடவை நர்ஸ் என் கையைத் தட்டிவிட்டார். "பல்லி ஒண்ணும் பண்ணல. நீதாம்மா அந்தப் புள்ளயப் பாடாப் படுத்தற!"

மூன்று மணி இருக்கும். வார்டு வாசலில் மதாம். தலையெல்லாம் ஒட்டடை, புடவையெல்லாம் கரி. கையில் ஓர் ஊறுகாய் பாட்டில். உள்ளே, வால் இருந்த இடத்தில் சிவந்த மொட்டையோடு, ஒரு பல்லி.

"கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டீங்க. உங்க சாமான் எல்லாம் வெளிய எடுத்துத் தேடினேன். அரிசிப் பானைக்குப் பின்னால இருந்துச்சு" என்றார். "குழந்தை முழுங்கல. பாருங்க."

டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "ஆபத்துன்னா வாலக் கழட்டி விட்டுட்டு ஓடிடும். துடிக்கற வாலப் பாத்து எதிராளி ஏமாந்து நிப்பான்."

மதாம் என் பக்கம் திரும்பினார். "ஆனா அது என்னோட வந்ததுதான். ட்ராயருக்குப் பின்னால எல்லாம் முட்டை. நான் கவனிக்கல. பர்தோன்."

மன்னிப்புக் கேட்டார்... அவர்! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்டுக்குப் போகலாமா டாக்டர்?"

அந்தப் பல்லியை அவர் விடவில்லை. மூடியில் ஓட்டை போட்டு, சர்க்கரைத் தண்ணீரும் குட்டிப் பூச்சியும் கொடுத்து ஜன்னலில் வைத்திருந்தார். வால் வளர்ந்தது. தனியாக இருந்த அந்த ஒற்றைப் பல்லி கண்ணாடியில் இரண்டு முட்டை ஒட்டியது. அவை பொரிக்கவும் செய்தன! விஷயம் கேள்விப்பட்ட டாக்டர், விலங்கியல் பேராசிரியர் ஒருவரை ஸ்கூட்டரில் அழைத்து வந்தார். அவர் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இந்த ஜாதியில அநேகமா எல்லாமே பொண்ணுதாம்மா. ஆண் தேவையில்ல. ஒண்ணே ஒண்ணு கப்பல்ல ஏறினா போதும், எறங்கற ஊர்ல ஒரு கூட்டமே ஆயிடும்" என்றார்.

இதற்குள் தெருவில் வேறொன்று பெருகியிருந்தது. ரேஷன் க்யூவில் முன்பின் தெரியாத ஒரு பெண் என்னிடமே சொன்னாள்: "இந்த நெல்லித்தோப்புல ஒரு கொழந்த செத்துப் போச்சாமே, சைகோன் பல்லி கடிச்சு?"

செத்துப்போன குழந்தை என் இடுப்பில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். நான் "அப்படியா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்த மாதமே வீட்டுச் சொந்தக்காரர் மதாமைக் காலி பண்ணச் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அமுதாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுச் சொந்தக்காரரிடம் ஓடினேன். "கத்தினது நான்தாங்க. இதோ புள்ள நல்லா இருக்கா."

"எனக்குத் தெரியும்மா. ஊருக்குத் தெரியணுமே" என்றார். முடிவை மாற்றவில்லை.

நோணாங்குப்பத்தில் ஓர் உறவுக்காரர் வீட்டுக்குப் போக மதாம் ஏற்பாடு செய்துகொண்டார். அலமாரியை வண்டியில் ஏற்றுமுன் ஒவ்வொரு ட்ராயராக உருவித் தட்டினார். புது வீட்டுக்கு ஒன்றுகூடப் போய்விடக் கூடாதாம். நான் பக்கத்தில் போய் நின்றேன். "அன்னிக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, மதாம்."

"புள்ளைக்குப் பயந்த அம்மா கத்தத்தான் செய்வாங்க" என்றார். கடைசி ட்ராயரையும் தட்டி உள்ளே தள்ளிவிட்டு, "அதுக்கப்புறம்தான் நீங்க பேசவே இல்லை" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

பல்லியைக் கண்டால் இன்றும் எனக்குப் பயம் என் வாயைப் பற்றித்தான். பழி போட எனக்கு அரை நிமிஷம் பிடித்தது. அதை எடுக்க மூன்று மாதம் — அதற்குள் வீடே காலி.