ஒரு சாண் வெள்ளை

தம்பி செத்துப்போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் சும்மா போகவில்லை. அவன் கடைசியாக வரைந்த படத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கதவு உயரத்துக்கு ஒரு கேன்வாஸ். அரக்கும் கறுப்பும் வாரி இறைத்திருக்கும், நடுவில் மாம்பழ மஞ்சளில் ஒரு கீறல். ஆள் இல்லை, மரம் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அடியில் மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு வண்ணமே படாத வெள்ளை. அம்மா அந்தப் படத்தை முதல் நாள் ஒரே ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் அந்த அறைப் பக்கமே வரவில்லை.

ஆரணியில் துணி என்று எது கண்ணில் பட்டாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். பிறகு எச்சில் தொட்ட விரலால் ஓரத்தைத் தேய்ப்பார்கள், சாயம் போகிறதா என்று. துக்கம் கேட்க வந்தவர்களும் படத்துக்கு அதையேதான் செய்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தேய்த்த விரலைப் பார்த்துவிட்டு, "கெட்டிச் சாயந்தாங்க" என்று சர்டிபிகேட் கொடுத்தார். அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

தம்பி எங்கள் பக்கத்து ஊர் சேத்துப்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். போளூர் ரோட்டில், பொழுது சாய்கிற நேரத்தில், விளக்கில்லாமல் நின்றிருந்த கரும்பு டிராக்டரில் பைக்கோடு மோதிவிட்டான். அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் அவனுக்கு நிச்சயம் பண்ணின பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஊருக்கு அது போதாதா? "எம்மாம் பெரிய டிராக்டரு, கண்ணுக்குத் தெரியாமயா பூடும்?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பெரியம்மா ஒருபடி மேலே போனாள். படத்தின் அடியில் இருந்த வெள்ளையைக் காட்டி, "பாத்தியாடி, பாதியில வெறுத்துப் போயி வுட்டுக்கீறான். அப்பவே முடிவு பண்ணிட்டான்" என்றாள். அதற்கு என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல் அவள் கிளம்பினாள்.

அவள் போய்விட்டாள், அவள் சொன்னது போகவில்லை. அவனாகப் போய் மோதினானா? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் எப்படிக் கேட்பது? காலையில் தறியில் உட்கார்ந்தால் அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

நான் பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண், போட்ட பூ மறுபடி எங்கே வருகிறது என்றுதான் தேடும். வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய் அந்தப் படத்தின் முன்னால் நிற்பேன். வந்து உட்காருவேன், மறுபடி எழுந்து போவேன். போனில் படம் பிடித்து, பெரிதாக்கி, தலைகீழாக்கிப் பார்த்தேன். எதுவும் திரும்ப வரவில்லை. ஒரு நாள் அந்தக் கறுப்பு சாவு மாதிரியே இருக்கும். மறுநாள் பார்த்தால் ஜவ்வாது மலை மேல் இறங்குகிற மழை மேகம். என் மனசு எப்படியோ படமும் அப்படி.

"இன்னாதான்டா சொல்ற? சொல்லித் தொலையேன்!" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். உயிரோடு இருந்தபோதே அர்த்தம் கேட்டதற்கு, "அவசரப்படாதக்கா, பாத்துகினே இரு" என்று சிரித்தவன். இப்போதா சொல்லப்போகிறான்!

போன வாரம் அம்மாவின் தறியில் பாவு தீர்ந்தது. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். அதை யாரும் கடைசிவரைக்கும் நெய்துவிட மாட்டார்கள். கொஞ்சம் நெய்யாமல் விட்டுவைப்பார்கள். அந்த வெறும் இழைகளின் நுனியில்தான் புதுப் பாவை ஒவ்வொரு இழையாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். தறியே வேண்டாம் என்று மூடுகிறவர்கள்தான் எல்லாவற்றையும் ஒட்ட அறுத்து எடுப்பார்கள்.

பிணைக்கிறவர் காலையில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு டீ கொண்டுபோனேன். பழைய பாவின் நுனிகள் நெய்யாமல் தொங்கிக்கொண்டிருந்தன. பிறந்ததிலிருந்து பார்க்கிறதுதான். அன்றைக்கு அவை வேறு மாதிரி தெரிந்தன. டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு அறைக்கு ஓடினேன்.

படத்தில் அரக்கும் கறுப்பும் கோடுகோடாக இறங்கி, அந்த வெள்ளையின் விளிம்பில் ஒரே மட்டமாக நின்றிருந்தன. வெறுத்துப் போனவன் கை இப்படி நிற்காது. அட பாவி, இத்தனை நாளும் நானும் இதைப் பாதியில் விட்டது என்றுதானே நினைத்தேன்! நெசவு வீட்டில் பிறந்தவன், அடுத்ததைப் பிணைக்க இடம் விட்டிருக்கிறான்.

அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். "ம்மா, அவன் தானா போய் மோதலம்மா. இங்க பாரேன். பிணைக்கறதுக்கு வுட்டு வெச்சிகீறான்!"

அம்மா குனிந்து அந்த வெள்ளையைத் தடவினாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்டி. பாத்த ஒடனே தெரிஞ்சிபோச்சி."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சும் ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல? நான் பைத்தியம் மாதிரி சுத்திகினு இருந்தேனே!"

அம்மா கையை எடுக்கவில்லை.

"சொல்லி? பிணைக்க அடுத்த பாவு எங்கடி?"