சாயம் ஏறாத கண்ணாடி

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது ஒரு கடிதம். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வந்துபோகும்படி அரசாங்கமே என் பெயருக்கு எழுதியிருந்தது. அப்படியொரு பரிசோதனைக்கூடத்தில்தான் எனக்கு வேலை. பெண்களிடம் எடுத்த செல்களுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் புற்றுநோயின் அறிகுறி தேடுவேன். சிவகாசிப் பக்கம் இருந்த என் அக்கா இறந்துவிட்டாள் என்று சொன்னால், வெடிவிபத்தா என்றுதான் இங்குள்ள தமிழர்கள் கேட்கிறார்கள்.

அக்கா முத்துமாரி, எம். புதுப்பட்டி ஊரில் ஒரு கம்பெனியில் பட்டாசுக்குத் திரி செருகினாள். அங்கே இதே பரிசோதனைக்கு மருத்துவ முகாம் போட்டபோது நான்தான் போனில் நச்சரித்து அனுப்பினேன். மறுவாரம் சிரித்தாள். "ஏ புள்ள, நார்மலாம்ல! ஒனக்குத்தான் சும்மா பயம்." சில மாதங்களில், தூரமில்லாத நாளிலும் ரத்தம் படுகிறது என்றாள். "ரிப்போர்ட்டுதான் நல்லா இருக்கே. ஒடம்புச் சூடா இருக்கும்க்கா" என்றேன். இதே வேலை பார்க்கிற நான் சொன்னேன். மதுரையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது.

ஊருக்கு வந்து, காரியம் முடிந்த மறுநாள், முகாமில் எடுத்த செல்களுக்கு ரிப்போர்ட் கொடுத்த விருதுநகர் லேபுக்குப் போனேன்.

"எங்க அக்கா சிலைடக் குடுங்க."

"என்னத்துக்கும்மா? அம்புட்டுப் பேருக்கும் நார்மல்னுதான குடுத்தோம்" என்று உரிமையாளர் ஒரு பெட்டியைத் தள்ளினார்.

அக்கா பெயர் எழுதிய கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளைப் படலம் மட்டும் இருந்தது. நீலமில்லை, சிவப்பில்லை. சாயம் ஏற்றாத செல்லை யாராலும் படிக்க முடியாது. பெட்டி முழுக்க அப்படித்தான். ஒருவரும் பார்க்கவேயில்லை, ரிப்போர்ட்டை டைப் மட்டும் அடித்திருக்கிறார்கள்.

நான் கத்தவில்லை. லீவை நீட்டினேன். முகாமுக்குப் போன பெண்களின் வீட்டுக் கதவுகளைத் தட்டினேன். அவரவர் சிலைடை வாங்கி, ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கலெக்டர் ஆபீஸ் மேஜையில் வைத்தோம். பெரியாஸ்பத்திரியில் எல்லோருக்கும் மறுபடி பரிசோதித்தார்கள். விஸ்வநத்தத்துப் பெண் ஒருத்திக்குப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே தெரிந்தது, பிழைத்துக்கொண்டாள்.

லேபுக்குச் சீல் வைப்பதற்கு முதல்நாள் அந்த உரிமையாளர் ஆமத்தூரில் எங்கள் அம்மா வீட்டு வாசலில் நின்றார்.

"புள்ளகுட்டிக்காரன் தாயி. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாக."

"எங்க அக்காளும் புள்ளகுட்டிக்காரிதான்."

கதவைச் சாத்தினேன். அன்று வயிறாரச் சாப்பிட்டேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படவில்லை. அக்காவிடம் உடம்புச் சூடு என்று சொன்னேனே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. அதற்கு யாரைப் பழிவாங்க?

இப்போது என் போனைத் திறந்தால், சீல் வைத்த அந்த ஷட்டரின் படம்தான் முதலில் வரும். போன வாரம் தேநீர் இடைவேளையில் பக்கத்து மேஜை ஹெலன் எட்டிப் பார்த்தாள்.

"உன் ஊர் வீடா? பூட்டிக் கிடக்கிறதே!"

"ஆமாம்" என்றேன். "நான்தான் பூட்டிவிட்டு வந்தேன்."