ஜப்பான் பாடகிக்காகச் சித்தி சொன்ன பதில்

பத்து வயதில், என் சித்தியைவிட எனக்கு ஜப்பானிய மொழி நன்றாகத் தெரியும் என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு வங்காளத்துத் துறைமுகத்தில் வேலை. வீடு லேக் கார்டன்ஸில். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு இருந்து ஜப்பானிய மொழி படித்து, மொழிபெயர்ப்பாளராகியிருந்தாள். அவள் சத்தம் போட்டு மனப்பாடம் செய்ததில், பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிய எனக்கும் முப்பது நாற்பது சொற்கள் ஒட்டிக்கொண்டன.

அந்தக் கோடை விடுமுறையில், டாலிகஞ்சில் எடுத்த ஒரு வங்காளப் படத்தில் நடிக்க ஜப்பானிலிருந்து ஒரு நடிகை வந்தார். பதினாறு வயதில் பாடகியாகப் பேரெடுத்தவர். அந்தப் பேரோடு சினிமாவுக்குள் நுழைந்து, கதாநாயகி, அக்கா, அம்மா என்று முப்பது வருஷம் நடித்துவிட்டார். அவருக்கு மொழிபெயர்க்கப் போன சித்தி என்னையும் கூட்டிப்போனாள்.

மகனை ரயிலேற்றி அனுப்பும் காட்சி. அவர் தன் பழைய பாட்டு ஒன்றைப் பாட வேண்டும் என்றார் இயக்குநர். அந்தப் பாட்டுக்காகத்தான் அவரைத் தேடிப்பிடித்ததாகக் காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி அதைச் சொன்னதும் நடிகை தலையைக் குனிந்து, "உதாஎமசென்" என்றார். பாட முடியாது என்று பொருள். எனக்கே தெரிந்தது.

சித்தி இயக்குநர் பக்கம் திரும்பி, வங்காளத்தில், "இந்தத் தாய் பாட வாயைத் திறந்து, பாட்டு வராமல் நின்றுவிட்டால் நன்றாக இருக்கும் என்கிறார்" என்றாள்.

இயக்குநர் யோசித்தார். கையிலிருந்த தாளில் எதையோ அடித்தார். அப்படியே எடுத்தார்கள். நடிகை வாயைத் திறந்து, அப்படியே நின்றார். விளக்குப் பிடித்தவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காட்சி முடிந்து வந்த நடிகை சித்தியின் கையைப் பிடித்தவர், வெகுநேரம் விடவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில், "சித்தி, நீ தப்பா சொல்லிட்டே. அவங்க முடியாதுன்னுதான் சொன்னாங்க" என்றேன்.

"ஆமாண்டி, தப்பாத்தான் சொல்லிட்டேன்" என்றாள்.

வீட்டில் அம்மாவிடமும் அப்பாவிடமும், காக்கிமா என்று நான் கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி அம்மாளிடமும் சித்தியின் தப்பைப் பெருமையாகச் சொன்னேன். அப்பா சித்தியைக் கேலி செய்தார். அவள் சிரித்துக்கொண்டு, காய் நறுக்கப் போய்விட்டாள்.

தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து பாடும் குரல் போய்விட்டதை, அந்த நடிகை அன்று காலை மேக்கப் அறையில் சித்தியிடம் மட்டும் சொல்லியிருந்தார். இது எனக்குத் தெரிந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். ஒரு சொல்லில் குறை சொன்னால்கூட அகராதியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறவள், அன்று எங்கள் எல்லோரிடமும் ஏன் தோற்றுப்போனாள் என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில், காக்கிமா கொடுத்த சந்தேஷ் இனிப்பில் அவள் பங்கையும் சேர்த்து நானே தின்றேன்.