நாக்பூர் வரை போன மூக்கு

செந்தில்வேல் முதன்முதலில் என் கடைக்கு வந்தது தன் முகத்தை அச்சடிக்கத்தான். தூத்துக்குடியில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற எனக்கு அது புதிதில்லை. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று அடுத்தவர் முகங்களில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் தார்ப்பாய்க் கடைக்காரர் ஒருவர் எட்டடி உயரத்துக்குத் தன் முகத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோட்டுப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தூரத்தில் எதையோ பார்ப்பது போல ஒரு படம் கொண்டுவந்திருந்தான். கீழே 'இந்தியா முழுவதும் உங்கள் நம்பிக்கை' என்று வாசகம். தார்ப்பாய் என்ற சொல்லைக் காணோம்.

"தம்பி, என்ன யாவாரம்னு போட வேண்டாமா?"

"அண்ணாச்சி, பொருளை விக்கக் கூடாது. நம்மளைத்தான் விக்கணும். அதுக்குப் பேருதான் மைண்ட்செட்."

"சரி, போன் நம்பராவது போடலாமா?"

அதற்கே யோசித்தான். பிறகு சின்னதாகப் போடச் சொன்னான். ஆளும் வாசகமும் பேனர் முழுக்க அடைத்துக்கொண்டதால், மூக்குக்குப் பக்கத்தில் கன்னத்து மேல்தான் இடம் இருந்தது. நம்பரை அங்கே கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். பத்து பேனர் அடித்துக்கொண்டு போனான்.

அவன் ஓட்டப்பிடாரத்துக்காரன். பதினொரு வருஷம் ஒரு கன்டெய்னர் யார்டில் உள்ளே வருகிற, வெளியே போகிற லாரிகளின் நம்பரைக் குறிக்கிற வேலை பார்த்தவன். யார்டு கை மாறியபோது வேலை போனது. துறைமுகத்துக்குள் போக லாரிகள் வரிசை கட்டி நிற்கிற பைபாஸ் ரோட்டில் தார்ப்பாய், கயிறு விற்கிற கடை ஒன்றைப் போட்டான். இடம் நல்ல இடம். ஆனாலும் லாரிக்காரர்கள் பழகின கடைக்கே போனார்கள். அந்த நேரத்தில்தான் மகாராஜன் என்ற வெற்றிப் பயிற்சியாளர் ஒரு ஓட்டல் ஹாலில் நடத்திய இரண்டு நாள் வகுப்புக்குப் போனான்.

திரும்பி வந்தவன் ஆளே மாறியிருந்தான். காலை நாலரைக்கு எழுந்து, கண்ணாடி முன் நின்று 'நான் ஒரு பிராண்டு' என்று மூன்று முறை சொல்வான். ஒரு நோட்டில் 'நான் வெற்றியாளன்' என்று நூறு முறை எழுதுவான். தெரிந்தவர், தெரியாதவர் இருநூறு பேருக்கு வாட்ஸப்பில் சூரிய உதயப் படம் அனுப்புவான். இதெல்லாம் யாருக்கும் கேடில்லை. வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்று சொல்லவே கூடாது என்று ஒரு பாடமும் இருந்தது. அவனைக் கவிழ்த்தது அதுதான்.

காயல்பட்டினத்தில் நாலு லாரி வைத்திருக்கிற ஸதக்கத்துல்லாஹ் பாய் ஒருநாள் வந்தார். உப்பு லோடு, பெங்களூருக்குப் போகிறது, வழியில் மழை இருக்கும், கனத்த தார்ப்பாய் இருக்கிறதா என்று கேட்டார். கடையில் இருந்தது மெல்லிசுதான். நெல் காயப்போட ஆகும், உப்பு லாரிக்கு ஆகாது. செந்தில்வேல் சிரித்த முகத்தோடு, "தாராளமா தாங்கும் பாய்" என்று எடுத்துக் கொடுத்தான்.

லாரி கோவில்பட்டியைத் தாண்டவில்லை. தார்ப்பாய் கிழிந்து, மேல் மூட்டைகள் கரைந்து ஒழுகின. பாய் வந்து சத்தம் போடுவார் என்று செந்தில்வேல் பயந்துகொண்டிருந்தான். அவரோ கிழிந்த தார்ப்பாயைக் கடை வாசலில் விரித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பைபாஸில் போகிற எல்லா லாரிக்காரரும் அதைப் பார்த்தார்கள். பத்து பேனர் செய்யாத விளம்பரத்தை அது செய்தது.

பேனர்களும் அதிக நாள் நிற்கவில்லை. அனுமதி வாங்காமல் கட்டியவை என்று ஒரே வாரத்தில் அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். பத்து செந்தில்வேலும் சுருட்டப்பட்டு அவன் கடைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள்.

பயிற்சியாளருக்குப் போன் போட்டான். நம்பிக்கை போதாததுதான் காரணம், இரண்டாம் கட்டப் பயிற்சிக்கு மதுரைக்கு வாருங்கள் என்றார் அவர். மூன்று நாள் பயிற்சி. கடையை மனைவி இசக்கிச்செல்வியிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினான்.

இசக்கிச்செல்வி கல்யாணத்துக்கு முன்னால் உப்பு பேக்கிங் ஷெட்டில் மூட்டை தைத்தவள். கோணி ஊசியைக் கையில் கொடுத்தால் பேசிக்கொண்டே தைப்பாள். முதல் நாள் காலை கடையைத் திறந்ததும் வாசலில் கிடந்த தார்ப்பாய்தான் அவள் கண்ணில் பட்டது. உட்கார்ந்து அதைத் தைத்தாள். கிழிசலுக்கு அடியில் கனத்த ஒட்டு வைத்து, இரட்டைத் தையல் போட்டு, பாய்க்குப் போன் பண்ணினாள்.

"பாய், தைச்சு வச்சிருக்கேன். ஆனா உப்புக்குப் போட்டுராதிய. இது அதுக்கு ஆகாது. வைக்கோலுக்குப் போடுங்க."

பாய் வைக்கோலுக்கே போடுவதாகச் சொன்னாராம். பிறகு, "வேற ரெண்டு தார்ப்பாய் கிழிஞ்சு கிடக்கு, பாக்கியளாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "ஆனா லாரி வரிசையில நிக்குது. வெளிய எடுத்தா இடம் போயிரும்."

"நீங்க ஏன் எடுக்கிய? நான் வாரேன்."

ஸ்கூட்டியில் ஊசி, நைலான் நூல், ஒட்டுத்துணி எல்லாம் வைத்துக்கொண்டு போனாள். ரோட்டோரம் தார்ப்பாயை விரித்துத் தைத்தாள். முன்னால் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து பார்த்தார், பின்னால் நின்றவரும் வந்தார். இரண்டு நாள் வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வேறு என்ன வேலை? சாயங்காலத்துக்குள் ஆறு தார்ப்பாய் ஆகிவிட்டது. ஒருவர் புதுசே கேட்டார். "இதுக்கு எதுக்குப் புதுசு? இந்த மழைக்கு இதுவே போதும்" என்று சொல்லி, தைத்தே அனுப்பினாள்.

அவளுக்கு ஒரே ஒரு கவலை. தைத்தது வழியில் பிரிந்துவிட்டால் யாரிடம் சொல்வார்கள்? ஒட்டின் மேல் மார்க்கரால் போன் நம்பர் எழுதிப் பார்த்தாள். தண்ணீர் பட்டதும் அழிந்தது. அப்போதுதான் கடைக்குப் பின்னால் சுருண்டு கிடந்தவை ஞாபகம் வந்தன. கத்திரிக்கோலை எடுத்து, நம்பர் இருக்கிற துண்டை மட்டும் வெட்டி, ஒட்டின் ஓரத்தில் சேர்த்துத் தைத்துவிட்டாள். நம்பரோடு மூக்கும் சேர்ந்து வந்தது. அதைத் தனியாக வெட்டி எடுக்க நேரமில்லை.

மூன்றாம் நாள் செந்தில்வேல் மதுரையிலிருந்து வந்து இறங்கினான். பின்பக்கம் போய்ப் பார்த்தவனுக்கு முகம் செத்துப்போனது. பத்து பேனரில் எட்டில் மூக்கு இல்லை.

"ஏளா, என்ன செஞ்சு வச்சிருக்க? என் மூஞ்சிய வெட்டியிருக்க!"

"மூஞ்சிய யாரு வெட்டுனா? நம்பரத்தான் வெட்டுனேன்."

"நான் பிராண்டுளா!"

"பிராண்டு சுருண்டு கெடந்துச்சு. எலி தின்னுறதுக்கு முன்னால உபயோகம் ஆச்சே."

அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான். என் கடைக்கு வந்து உட்கார்ந்து, திருப்பி அடிக்க முடியுமா என்று கேட்டான். எனக்கு வியாபாரம்தான், ஆனாலும் அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, பொறுத்துப் பார் என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்துப் போன்கள் வர ஆரம்பித்தன. முதல் போன் விசாகப்பட்டினத்திலிருந்து. செந்தில்வேல்தான் எடுத்தான். "வணக்கம், உங்கள் வெற்றியே எங்கள் லட்சியம்" என்று பயிற்சியில் சொன்னபடி ஆரம்பித்தான். லோன் கம்பெனி என்று நினைத்து அந்த டிரைவர் வைத்துவிட்டார். மறுபடியும் மணி அடித்தபோது இசக்கிச்செல்வி எடுத்தாள்.

"எந்த லாரி? எந்த மூலை?"

ஒட்டு நன்றாகத்தான் இருக்கிறதாம். கூட நிற்கிற லாரி அடுத்த வாரம் தூத்துக்குடி வருகிறது, அதற்கும் தைக்க வேண்டும் என்றார்கள். அதற்கடுத்து குல்பர்காவிலிருந்து. பிறகு நாக்பூரிலிருந்து ஒரு நாமக்கல் டிரைவர் கேட்டார்: "அக்கா, ஒட்டுல ஒரு மூக்கு இருக்குதே, அது யாருது?"

"அந்த மூக்கு எங்க வீட்டுக்காரவியளது" என்றாள் அவள். பக்கத்தில் நின்ற செந்தில்வேல் சிரித்துவிட்டான். நின்றுபோன பேச்சு அதோடு திரும்பி வந்தது.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் சொன்னதெல்லாம் வீணாகவில்லை. நாலரைக்கு எழுகிற பழக்கம் விடவில்லை. லாரி வரிசை ரொம்ப நீளமாக இருப்பதும் விடியற்காலையில்தான். கண்ணாடி முன் நிற்பதை விட்டுவிட்டு வரிசையோரம் நடக்க ஆரம்பித்தான். பதினொரு வருஷம் லாரி நம்பர் குறித்த ஆளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். எந்த லாரி, எந்த மூலையில் ஒட்டு, என்ன சரக்கு எல்லாம் தலையில் நிற்கும். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அண்ணே, வலது பக்கம் முன் மூலை ஆவணியில தைச்சது. மழைக்கு முன்னால ஒருக்கா காட்டிட்டுப் போங்க" என்பான். சூரிய உதயப் படத்துக்கு இருநூறு பேரில் ஒருவரும் பதில் போட்டதில்லை; இந்தப் போனுக்கு வராத லாரிக்காரர் இல்லை. 'இல்லை' என்று சொல்லவும் பழகிக்கொண்டான்.

ஒன்றரை வருஷத்தில் ஜெபசுதா, ஆனி என்ற இரண்டு பெண்கள் தைக்க வந்து சேர்ந்தார்கள். செய்தி மகாராஜனுக்கும் எட்டியது. தன் ஆண்டு விழா மேடையில் பேச அழைத்தார். அந்த விழா பேனரும் என் கடையில்தான் அடித்தது, அதனால் நானும் போயிருந்தேன்.

நேர்மறை எண்ணம் பற்றி எழுதிக் கொடுத்த காகிதம் செந்தில்வேல் கையில் இருந்தது. இரண்டு வரி வாசித்தான். பிறகு கீழே உட்கார்ந்திருந்த இசக்கிச்செல்வியைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்துவிட்டான்.

"பொய் சொல்ல வரல. நான் மெல்லிசு தார்ப்பாயை உப்பு லாரிக்கு வித்தவன். இவ அதைத் தைச்சுக் குடுத்தா. நான் மதுரையில மைண்ட்செட் படிச்சுக்கிட்டு இருந்தப்ப, இவ ரோட்டுல உக்காந்து தைச்சா. என் பேனரை வெட்டுனதும் இவதான். அவ்வளவுதான் கதை."

இசக்கிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கைதட்டல் எழுந்தது. மகாராஜன் மைக்கைப் பாய்ந்து பிடித்தார்.

"கவனிச்சீங்களா? தன் முகத்தையே துண்டு துண்டாக்கி இந்தியா முழுக்க அனுப்பியிருக்கார்! இதுதான் பர்சனல் பிராண்டிங்!"

எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு பேக்கரிக்காரர், ஒரு செல்போன் கடைக்காரர், ஒரு பல் டாக்டர் மூவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, தங்கள் மூக்கை மட்டும் சின்னச் சின்னத் துண்டாக அடித்துத் தரச் சொன்னார்கள். அடித்துக் கொடுத்தேன். எனக்கு என்ன வந்தது?

இப்போது செந்தில்வேல் மூன்றாம் கட்டப் பயிற்சிக்குக் கோயம்புத்தூர் போயிருக்கிறான். தொழிலை எப்படிப் பெரிதாக்குவது என்பது பற்றியாம். நேற்றுக் கடைப்பக்கம் போனபோது இசக்கிச்செல்வியிடம் கேட்டேன்.

"இவ்வளவு நடந்த பிறகும் போகவிட்டியேம்மா?"

"போய்ட்டு வரட்டும் அண்ணாச்சி. அவியளுக்கு ஒரு சந்தோஷம்." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "ஆனா வியாழக்கிழமைக்குள்ள வந்துரணும். கார்மேகம் கூடிக்கிட்டு இருக்கு. எந்த லாரி எந்த மூலைன்னு எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல."